கடன் வாங்கிக் கழித்தல்

மொகொட்லொங் மலையில் பொழுது சாய்ந்த பிறகுதான்
எங்கள் பள்ளிக்கூடம் விடிகிறது.
பகலெல்லாம் அது ரோமக் கொட்டகை.
தராசு, சாக்கு, கத்தரி,
தரைப்பலகை இடுக்கெல்லாம் ஆட்டுக் கொழுப்பின் பிசுக்கு.
பகலில் எடை போடுகிறவளும் நான்தான்.
ஆறு மணிக்குத் தராசைச் சுவரோரம் தள்ளிவிட்டு
கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதுவேன்.
சாத்தினால்தான் அது கரும்பலகை.
காற்று திறந்துவிட்டால்
பாடம் வெளியே போய்விடும்.

முதலில் நாய்கள் வரும்.
பின்னாலேயே கம்பளி போர்த்திய பையன்கள்,
ரப்பர் பூட்ஸில் பனிச்சேறு, கையில் கம்பு.
கம்புகளை வாசலில் சாய்க்கச் சொல்லியிருக்கிறேன்.
நாய்களுக்கு எதுவும் சொல்லவில்லை.
அவை ஒன்றன்மேல் ஒன்றாய்ப்
படியிலேயே படுத்துக்கொள்ளும்.

பதிவேட்டில் பதினேழு பெயர்.
மொட்லலேபுலா, பாதியில் தூங்கிவிடுவான்.
தெபெலோ ஐந்தை எப்போதும்
முதுகு திருப்பியே எழுதுவான்.
செகோபே,
வயது கேட்டால்
"பெரிய பனி விழுந்த வருஷம்" என்பான்.
நூற்று நாற்பத்து மூன்று ஆடுகளை
எண்ணாமலே அறிவான்.
பட்டிக்குள் நுழையும்போது எது வரவில்லை என்று
முகத்தை வைத்துச் சொல்லிவிடுவான்.
அவனிடம் போய் நான்
ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.

மற்றவர்கள் பெயர் எழுதக் கேட்டார்கள்.
ஒருவனுக்கு செல்போனில் பாட்டுத் தேடத் தெரிந்தால் போதும்.
செகோபே பூட்ஸுக்குள்ளிருந்து
பாலிதீன் பையில் நான்காய் மடித்த
ஒரு காகிதத்தை எடுத்தான்.
"இதை மட்டும் படிக்கணும், டீச்சர்.
வேறெதுவும் வேண்டாம்."

மேய்ச்சல் கூலிச் சீட்டு.
வருஷத்துக்குப் பன்னிரண்டு ஆடு என்று பேச்சாம்.
மேலே முதலாளி கோலிசாங்கின் கையெழுத்து.
கீழே இவன் கைநாட்டு, ஊதா மையில்,
மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்
ஆட்டுத்தடம் போல.

நான் அப்போதே படித்துவிட்டேன்.
சொல்லவில்லை.
"நீயே ஒருநாள் படிப்பாய்" என்றேன்.
எங்கள் தொழிலில் இதைப் பொறுமை என்பார்கள்.
எனக்குப் பயம், அவ்வளவுதான்.
என் தராசில் ஏறுவதில் பாதி
கோலிசாங்கின் ரோமம்.

பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
சூரிய விளக்கு மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது
விரலால் வரியைத் தடவிக்கொண்டே வந்தவன்
ஓரிடத்தில் நின்றான்.
வாய் அசைந்தது, குரல் வரவில்லை.
மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தான்.
மறுபடி அங்கேயே நின்றான்.

ஆறு.

படிக்கத் தெரியாதவரை அவனிடம்
பன்னிரண்டு ஆடுகள் இருந்தன.
எவை எவை என்று தேர்ந்துகூட வைத்திருந்தான்.
காது கிழிந்த ஒன்று.
ஓடையைத் தாண்டப் பயப்படும் ஒன்று.

அவன் கத்தவில்லை.
"பன்னிரண்டிலிருந்து ஆறு போனதை
எப்படி எழுதுவது?" என்றான்.

கழித்தலை அடுத்த வருஷத்துக்கென்று வைத்திருந்தேன்.
சுண்ணக்கட்டியை எடுத்தேன்.
இரண்டிலிருந்து ஆறு போகாது,
பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு என்றேன்.
"வாங்கினால் எப்போது திருப்பித் தரணும்?"
தரவேண்டியதில்லை.
கணக்கில் அப்படித்தான் என்றேன்.
பதினேழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்,
மொட்லலேபுலாகூட.

வியாழக்கிழமை செகோபே வரவில்லை.
அவன் பெயருக்கு நேரே
வந்தான் என்றும் போடவில்லை,
வரவில்லை என்றும் போடவில்லை.
மற்றவர்கள் சீக்கிரமே வந்திருந்தார்கள்.
கம்புகளை யாரும் வாசலில் சாய்க்கவில்லை.
தரையில் உட்கார்ந்து
ஒவ்வொருவராய் பூட்ஸைக் கழற்றினார்கள்.
கால் சூட்டில் கசங்கிய காகிதங்கள்
ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது
தராசுத் தட்டின் மேல் வந்து விழுந்தன.

விளக்கு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.
கதவைச் சாத்தினேன்.
செவ்வாய்க்கிழமைக் கணக்கு
அழிக்காமல் அப்படியே இருந்தது.
வெளியே நாய்கள்
யாரையோ பார்த்துக் குரைக்கத் தொடங்கின.